வாடகையின்றிக் குடியிருப்போர்

மலையகத்தில் வீடில்லாமை பற்றிய ஆய்வு எங்கே நிற்கிறது?

உடப்புசல்லாவைத் தேயிலையைப் பற்றி அறிய விரும்புகிறவருக்குத் தகவலுக்குக் குறைவில்லை. இலங்கைத் தேயிலையின் ஏழு பிராந்தியங்களில் இதுவும் ஒன்று. ஏறக்குறைய 950 மீற்றரிலிருந்து 1600 மீற்றர் உயரம் வரை விளைவது. ஆண்டுக்கு இரண்டு நல்ல பருவங்கள்: ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாப் பக்கத்து உலர்காற்று வீசும்போது ஒன்று, ஆண்டுத் தொடக்கத்துக் குளிரில் இன்னொன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சிறுபாதை ரயிலைப் பற்றியும் விரிவாகப் படிக்கலாம். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடி. 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் போடப்பட்டு 1940களில் கைவிடப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர்; ஆனால் உடப்புசல்லாவைக்கு வந்து சேராமல் இராகலையோடு நின்றுவிட்டது. பழைய ரயில்களில் ஆர்வம் உள்ளவர்கள் அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் ஏட்டில் வைத்திருக்கிறார்கள்.

இதே மலைகளில், ஹல்கரனோயா, டெல்மார், லிடஸ்டேல், லக்கிலேண்ட் என்று நீளும் தோட்டங்களில், வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்குத் தோட்டத்து வேலை நின்றால், சட்டப்படி தங்குவதற்கு ஓர் இடம்கூட இல்லாமல் போகும் குடும்பங்கள் எத்தனை? அரசாங்கத்தின் அட்டவணைகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி கிடையாது. கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை.

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், பத்துப் பேருக்குக் குறையாமல் வதியும் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டத் துறை. மனிதர்களை அவர்கள் வேலை செய்யும் காணியின் பரப்பைக் கொண்டு வகைப்படுத்தும் இந்த ஏற்பாடு, வீடுகளிடம் வரும்போது இரண்டு கேள்வி கேட்கிறது. வீட்டின் வகை என்ன? ‘வரிசை வீடு அல்லது லயன் அறை’ என்று ஒரு பதில் இருக்கிறது. வீடு யாருக்கு உரியது? வீட்டில் உள்ள ஒருவருக்குச் சொந்தம், அரசாங்கத்திடம் வாடகைக்கு, தனியாரிடம் வாடகைக்கு, வாடகையின்றிக் குடியிருத்தல், அத்துமீறிக் குடியிருத்தல் என்று பதில்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. லயம் எனப்படும் இந்த வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களில் பெரும்பகுதி ‘வாடகையின்றி’ என்ற பத்தியில் போய் விழுகிறது.

அந்தப் பத்தியில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கொழும்பில் மாமாவின் மாடி வீட்டில் தங்கியிருக்கும் மருமகன் இருக்கிறார். அண்ணன் வெளிநாட்டிலிருக்க அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இருக்கிறார். அவர்களுக்குப் பக்கத்தில், பாட்டி கொழுந்தெடுத்து, அம்மா கொழுந்தெடுத்து, இப்போது தானும் கொழுந்தெடுப்பதால் மட்டுமே காம்பரா எனப்படும் லயத்து அறையில் இருக்கும் பெண் இருக்கிறார். அவர் வாடகை கொடுப்பதில்லை என்பது உண்மை. உழைப்பைக் கொடுக்கிறார். அந்த உழைப்பு நின்றால் இருப்பிடத்துக்கான நியாயமும் நின்றுபோகும். இந்தப் பிணைப்பை அழித்துவிட்டு, ‘வாடகை இல்லை’ என்பதை மட்டும் பதிந்துகொள்கிறது அட்டவணை. மலையகத்தில் வீடில்லாமையைப் பற்றிய ஆய்வு முதலில் தடுக்கி விழும் இடம் இது என்பது என் எண்ணம்.

உலக அளவில் வீடில்லாமை ஆய்வு கடந்த இருபது ஆண்டுகளில் வெகுதூரம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் நடைபாதையில் படுப்பவரை எண்ணினால் வேலை முடிந்தது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னமும் அப்படித்தான் எண்ணியது: சாலையோரம், மேம்பாலத்தடி, குழாய்க்குள், கோயில் மண்டபத்தில், ரயில் நிலையத்தில் இருப்பவர்கள். கிடைத்த எண்ணிக்கை ஏறக்குறைய 17.7 இலட்சம். ஆனால் ஐரோப்பாவில் 2005இல் உருவாக்கப்பட்ட ‘ஈத்தோஸ்’ என்ற வகைப்பாடு வேறு பாதையில் போயிற்று. ஒரு வீடு வீடாக இருக்க மூன்று வேண்டும் என்றது அது. உடல் தங்குவதற்குப் போதுமான, தனக்கே உரிய இடம். குடும்பம் மறைவோடும் உறவோடும் வாழ வாய்ப்பு. அங்கே இருப்பதற்குச் சட்டம் தரும் உரிமை. எதெது குறைகிறதோ அதற்கேற்ப 13 வகைகளை அது வரிசைப்படுத்தியது. 2019இல் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு, வாழத்தக்க இடமும் இருப்பிடப் பாதுகாப்பும் பாதுகாப்பான சமூக உறவுகளும் இல்லாத நிலையையே வீடில்லாமை என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டில் ஐ.நா. தன் வரலாற்றிலேயே முதன்முறையாக வீடில்லாமையைப் பற்றித் தனித் தீர்மானம் கொண்டுவந்தது.

வளரும் நாடுகளைப் பொறுத்தவரை, கிரஹாம் டிப்பிளும் சூசன் ஸ்பீக்கும் ஒன்பது நாடுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ‘மறைந்திருக்கும் கோடிகள்’ என்ற ஆங்கில நூல் இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. இந்தியா, பங்களாதேஷ், இந்தோனேசியா, சீனா, எகிப்து, கானா, தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, பெரு. இலங்கை அதில் இல்லை. தெற்காசியாவில் இந்த ஆய்வு டில்லி, டாக்கா, மும்பாய் நடைபாதைகளைச் சுற்றியே வளர்ந்தது. தோட்டத்து லயங்கள் அந்த ஆய்வாளர்களின் பாதையில் வரவே இல்லை.

ஈத்தோஸின் மூன்று அளவுகோல்களையும் எடுத்துக்கொண்டு ஒரு லயத்துக்குப் போவோம்.

முதலாவது, இடம். பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு ஸ்தோப்பு. பிரித்தானியர் காலத்தில் குடும்பமில்லாமல் வந்த தொழிலாளருக்காக என்று கட்டிய அளவு அது. பல தோட்டங்களில் இரட்டை லயங்கள்: முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை, பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. ஓட்டையான தகரத்தின் மேல் கல்லையும் பழைய டயரையும் வைத்துக் காற்றுக்குப் பறக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். மொத்த வரிசைக்கும் ஒரே கூரை என்பதால், ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு தொங்கல் வரைக்கும் ஓடும். மலையகத்தில் ஆண்டுதோறும் லயம் எரிந்த செய்தி வருவதற்கும், ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தோட்டத்துப் பாடசாலையில் வந்து படுப்பதற்கும் கட்டட அமைப்பே காரணம்.

இரண்டாவது, வாழ்வு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஸ்தோப்பை மண்சுவரோ பலகையோ வைத்து அடைக்கிறார்கள். அது புதுமணத் தம்பதியின் அறை. பேரப்பிள்ளை பிறந்ததும் பின்னால் ஒரு தகரக் குசினி இழுக்கப்படுகிறது. காம்பராவுக்குள் பழைய சேலை ஒன்று குறுக்கே தொங்குகிறது. வயதுக்கு வந்த மகள் சேலைக்கு ஒருபுறம், தகப்பனும் தம்பிமாரும் மறுபுறம். படிக்கிற பிள்ளை மற்றவர்கள் படுத்த பிறகுதான் விளக்கடியில் உட்கார முடியும். ஒரு காம்பராவுக்குள் இரண்டு, மூன்று குடும்பங்கள் இருந்தாலும், அட்டவணைக்கு அது ஒரு வீடுதான். உலக ஆய்வில் ‘மறைந்த வீடில்லாமை’ என்று சொல்வது இதைத்தான்: வேறு போக்கிடம் இல்லாமல் உறவினரின் இடத்தில் நெருங்கிக் கிடப்பது. ஐரோப்பாவில் இதை எண்ண முறைகள் வகுத்திருக்கிறார்கள். இங்கே இது ‘கூட்டுக் குடும்பம்’ என்று பதிவாகிவிடுகிறது.

மூன்றாவது, உரிமை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் நிலவும் விதி. லயத்தில் இருப்பவருக்குக் காணி உறுதியும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. தனி முகவரிகூட இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதித்தான் கடிதம் வருகிறது. அது தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு திகதி தாண்டி வந்து சேர்ந்த கதைகளைக் கேட்காத தோட்டமே மலையகத்தில் இருக்காது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், லயத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்கள் உலக ஆய்வு வகுத்த ஏதாவது ஒரு வகையில் வீடில்லாதோராகவே கணக்கில் வரும். இதைச் சொல்லும்போது எதிர்ப்பு எழுவதும் இயல்பு. ஐந்து தலைமுறை இருந்த மண், காமன்கூத்து ஆடிய களம், முன்னோரைப் புதைத்த மலை, லயத்துக்கு முன்னால் வைத்த டேலியாவும் பின்னால் போட்ட கறித்தோட்டமும் எல்லாம் இருக்கும்போது ‘வீடில்லாதவர்கள்’ என்று எப்படிச் சொல்லலாம்? மித்ரி ஜெகதீசன் 2019இல் வெளியிட்ட ‘தேயிலையும் தோழமையும்’ என்ற ஆங்கில ஆய்வு, தோட்டத்துப் பெண்கள் தங்கள் ஊரையும் வீட்டையும் எவ்வளவு பிடிவாதமாக உருவாக்கிக் காக்கிறார்கள் என்பதைக் காட்டியது. அந்தப் பிடிவாதத்துக்கு மரியாதை கொடுக்காத எந்தக் கணக்கும் இவர்களை இன்னொரு முறை இரக்கத்துக்குரிய கூட்டமாக ஆக்கிவிடும். ஆனால் அவர்கள் தங்கள் கையால் உருவாக்கியதை, வேலை நின்ற நாளில், கம்பனி தன்னுடையது என்று சொல்ல முடிகிறது என்பதும் உண்மை. வீட்டை அவர்கள் கட்டிக்கொண்டார்கள். சட்டம் அதை ஏற்கவில்லை. ஆய்வு எண்ண வேண்டியது இந்த இடைவெளியை.

ஆய்வுகள் எங்கே போயின?

மலையகத் தமிழரைப் பற்றி ஆய்வே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலாளரின் துயரத்தை டொனோவன் மோல்ட்ரிச் எழுதினார். பெருந்தோட்டத் தமிழரின் வரலாற்றை பேட்ரிக் பீபிள்ஸ் எழுதினார். சாதியைப் பற்றி ஜெயராமனும் ஒட்வார் ஹொலப்பும், அடையாள அரசியலைப் பற்றி டானியல் பாஸும் நூல்கள் தந்தார்கள். பெண் தொழிலாளரைப் பற்றி ரேச்சல் குரியன் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். பின்பு குமாரி ஜயவர்த்தனவோடு சேர்ந்து 2015இல் இரண்டு நூற்றாண்டு அதிகாரத்தையும் எதிர்ப்பையும் ஒரே நூலில் வைத்தார். கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம், கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்து லயம் ஒன்றையே அருங்காட்சியகமாக மாற்றித் தொழிலாளரின் பொருள்களையும் பத்திரங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. போசாக்கைப் பொறுத்தவரை அளவீடு துல்லியமாகவே நடந்திருக்கிறது: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம் என்று சொன்னது. அதே ஆண்டு வருமான, செலவின ஆய்வின்படி வறியோர் நாடளவில் 4.1 வீதம், தோட்டப்புறத்தில் 8.8 வீதம்.

இவ்வளவும் மதிக்கத்தக்க வேலை. ஆனாலும் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் லயம் ஒரு பின்னணிக் காட்சி. சம்பளத்தைப் பற்றி எழுத வந்தவர் முதல் அத்தியாயத்தில் லயத்தை வருணித்துவிட்டுச் சம்பளத்துக்குப் போய்விடுகிறார். குடியுரிமையைப் பற்றி எழுதுகிறவர் அதை மறுத்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்திலும் 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலும் நிலைகொள்கிறார். குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்கக் காணி இல்லை. காணி இல்லாதவருக்கு வீடு இல்லை என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை வந்தவர்கள் சிலரே. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. அதோடு கதை முடிந்துவிட்டது போல் ஆய்வுலகம் பக்கத்தைப் புரட்டியது. காணி வரவில்லை என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

இலக்கியம் இதைவிட முந்திக்கொண்டது. சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் காம்பராவின் நெருக்கடியே கதையாக நிற்கிறது. 1960களிலும் 70களிலும் லயத்து வாழ்வைப் பற்றிய மிகக் கூர்மையான பதிவு வேண்டுமென்றால் சிறுகதைத் தொகுப்புகளைத்தான் நான் கையில் எடுப்பேன்.

நீதிமன்றமும் முந்திக்கொண்டது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1946இல் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேறவில்லை. அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. தோட்டங்கள் எங்கும் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சின்னசாமி செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வாழ்நாளெல்லாம் இருந்த இடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதன்மையான நோக்கம், யாரையும் தொந்தரவு செய்வதல்ல. ஆகவே அது குற்றமாகாது என்று 1950இல் அந்த மன்றம் முடிவு செய்தது. இந்தியாவிலும் மலேசியாவிலும் சட்டம் படிக்கும் மாணவர்கள் அத்துமீறல் பாடத்தில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து தொடங்கிய வழக்கு என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தீர்ப்பு குற்றத்திலிருந்து விடுவித்ததே தவிர, காம்பராவை யாருக்கும் சொந்தமாக்கவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், துண்டாடிப் பகிரப்பட்டபோதும் தொழிலாளர் காணி பெறவில்லை. பலர் இருந்த இடத்தையும் இழந்தார்கள். 1977 மே மாதம் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய நினைவு தினம் இன்றும் அனுட்டிக்கப்படுகிறது. அந்த ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் வீதிக்கு வந்தன என்பதைத் தோட்டம் தோட்டமாகப் பதிந்த ஆய்வு ஒன்று அப்போதே செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தலைமுறை இன்று வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது.

கட்டியவர்களின் கணக்கு

வீடமைப்பைப் பற்றி இப்போது கிடைக்கும் எண்களில் பெரும்பகுதி வீடு கட்டும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியதோடு பிறந்த நிதியம், பின்னாளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. கடன் அடிப்படையில் வீடுகளைக் கட்டியது. தொழிலாளி சம்பளத்திலிருந்து மாதாமாதம் கடனைக் கட்டி முடித்தார். பலருக்குக் கடைசியில் உறுதி கையில் வரவில்லை. 2015க்குப் பின் மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கையை எடுத்தது. இரண்டு குடும்பங்களுக்கு ஒரு சுவர் பொதுவாக இருக்கும் இரட்டை வீடும், மாடி லயமும் வேண்டாம், மண்ணோடு கூடிய தனி வீடு வேண்டும் என்பது மலையக மக்கள் நீண்ட காலம் கேட்டுப் பெற்ற வெற்றி. இந்திய அரசாங்கத்தின் உதவியில் 550 சதுர அடியில் முதலில் 4,000 வீடுகள் என்றும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பேசியபோது மேலும் 10,000 என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்தாயிரத்தின் வேலை 2024இல்தான் தொடங்கியது. இடையில் 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையை உருவாக்கியது.

இந்த முயற்சிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 120 சதுர அடியிலிருந்து 550 சதுர அடிக்குப் போன ஒரு குடும்பத்தின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் அறிக்கை எண்ணுவது கட்டி முடித்த வீடுகளை. பயனாளிப் பட்டியலில் இடம்பெறாதவர் அதில் எங்கும் இல்லை. புது வீட்டுக்குப் போன குடும்பத்தின் பழைய காம்பரா இடிக்கப்பட்டதா, அல்லது மூத்த மகனின் குடும்பம் அதிலேயே தங்கிவிட்டதா என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை. தங்கியிருந்தால், ஒரு வீடில்லாக் குடும்பம் இரண்டாகி, அதில் ஒன்றுக்கு வீடு கிடைத்திருக்கிறது. மற்றொன்று இன்னும் லயத்தில்.

பட்டியலில் விடுபடுபவர்கள் யார் என்று தோட்டத்தில் கேட்டால் உடனே சொல்வார்கள். ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியை வாங்கி, அதை மகளின் கல்யாணத்துக்குச் செலவழித்து முடித்த தாய். பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும் இருக்க, தோட்டத்து வேலைக்குப் ‘பேர்’ போட யாருமில்லாத முதிய தம்பதி. கணவன் பெயரிலேயே காம்பரா பதிந்திருந்ததால் அவர் போன பின் மைத்துனரோடு வழக்காடும் விதவை. வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாய் இருந்துவிட்டுத் திரும்பியவள். அவளுடைய காம்பராவில் இப்போது தம்பியின் குடும்பம். கொழும்பில் மளிகைக் கடையின் பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கும் பதினெட்டு வயதுப் பையன். அவனை நடைபாதையில் எண்ண முடியாது. கடைக்காரரின் கூரைக்குக் கீழே இருக்கிறான். தோட்டத்திலும் எண்ண முடியாது. வாக்காளர் இடாப்பில் மட்டும் அவன் பெயர் அங்கே இருக்கும்.

இப்படிப் போனவர்களின் தடம் தொலைதூரம் நீள்கிறது. 1977இலும் 1981இலும் 1983இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களை ஏற்று நிலத்தில் இருத்தின. போர் அவர்களை மறுபடியும் பெயர்த்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் மறுபடியும் கொழுந்தெடுத்தார்கள். மறுபடியும் தோட்டக் குடியிருப்பு, மறுபடியும் ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டு நாடு, ஒரே விதி. ஹல்கரனோயாவையும் கிளிநொச்சியையும் நீலகிரியின் கூடலூரையும் ஒரே குடும்ப வரலாறாகச் சேர்த்து வீட்டின் கோணத்திலிருந்து ஆராய்வது, எனக்குத் தெரிந்தவரை, தமிழில் எழுதப்பட வேண்டிய மிக முக்கியமான நூல்களில் ஒன்று.

ஆய்வு செய்தும் காப்பாற்றாதபோது

எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க விடாத ஒரு சாட்சியம் மீரியபெத்தை. பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்கு அருகில். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு நடந்தது, வரைபடம் இருந்தது, எச்சரிக்கைக் கடிதமும் இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். ஆபத்து என்று அறிந்தும் ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்கே போவது? ஒரு பேர்ச்சஸ் காணிகூடச் சொந்தமில்லாதவரிடம் ‘இடம் மாறு’ என்று சொல்வது எச்சரிக்கையாகாது.

உடப்புசல்லாவை அமைந்திருக்கும் வலப்பனைப் பகுதிக்கும் இது புதிதல்ல. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடளவில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் மிகக் கடுமையாக அடிபட்டன. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தபோது லயங்களில் எழுந்த கேள்வி மிக எளிமையானது: எங்கள் வீடு யாருடையது? காம்பரா கம்பனியின் கையில், காணி அரசாங்கத்துடையது, உள்ளே இருந்த பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் மட்டும் எங்களுடையது. ‘வாடகையின்றி’ என்ற பத்தி, பேரிடர் வந்த மறுநாள் நிவாரணக் கவுண்டரில் இப்படித்தான் வேலை செய்கிறது.

மீரியபெத்தையின் பாடத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மண்ணை ஆராய்ந்தவர்கள் மண்ணின் மேல் இருந்தவர்களின் உரிமையை ஆராயவில்லை, உரிமையை அறிந்த நிர்வாகத்துக்கு மண்ணைப் பற்றிக் கவலையில்லை. இரண்டும் ஒரே தாளில் வந்திருக்க வேண்டும். அபாய வலயத்தில் இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் நேரே, அங்கே இருக்கும் குடும்பங்கள், அவர்களுக்கு மாற்றுக் காணி உண்டா இல்லையா, காணியைக் கொடுக்க வேண்டியது எந்தக் கம்பனி, எந்த அரச நிறுவனம் என்று எழுதியிருந்தால், எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதாவது தெரிந்திருக்கும்.

2021 இறுதியில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் நவீன அடிமைமுறைகள் பற்றிய சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா, மலையகத் தமிழரின் லயங்களைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். வேலைக்குள் வீடு கட்டப்பட்டிருப்பதையும் வீட்டுக்குள் வேலை கட்டப்பட்டிருப்பதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் ஆதாரம். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த, மலையக மக்கள் வந்ததன் 200ஆவது ஆண்டு நடைபயணத்திலும் காணியும் வீடும் முன்வரிசைக் கோரிக்கைகளாக இருந்தன. கேட்பவர்கள் தெளிவாகத்தான் கேட்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியதற்குப் பெரிய பணம் தேவையில்லை. குடிசன மதிப்பீட்டின் உரிமைக் கேள்வியில் ‘வேலையின் பேரில் குடியிருத்தல்’ என்று ஒரு பதிலைச் சேர்த்தால், அடுத்த கணக்கெடுப்பிலேயே நாடு முழுவதற்கும் ஓர் எண் கிடைத்துவிடும். ஒரு காம்பராவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டால் மறைந்த குடும்பங்கள் வெளியே வரும். மலையகத்திலிருந்து பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்ப் படிக்கும் மாணவர்கள் இன்று ஏராளம். அவர்களுடைய இறுதியாண்டு ஆய்வுகளில் சில, தங்கள் சொந்தத் தோட்டத்தின் லயம் ஒவ்வொன்றையும் வரைந்து, யார் எப்போது வந்தார், யார் எங்கே போனார் என்று எழுதட்டும். தகப்பன் பெயரும், தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கும் கீழ்ப்பிரிவான பணியகணக்கும் தெரிந்தவர்கள் எழுதும்போது, வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குச் சொல்லாத விஷயத்தை மக்கள் சொல்வார்கள். அந்த ஆய்வு தமிழில் எழுதப்பட்டு, தோட்டத்து வாசிகசாலையிலும் கோயில் மடத்திலும் வாசிக்கப்பட வேண்டும். மக்கள் திருத்தட்டும். ஆங்கிலத்தில் வெளிநாட்டு அச்சகத்தில் வந்து, ஒரு பிரதி பல மாதச் சம்பளத்துக்குச் சமமான விலையில் இருக்கும் நூல்களை, அந்த நூலுக்குள் இருக்கும் மனிதர்களே திருத்த வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

இதில் அவசரமும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் நாட்டின் மக்களில் 4.1 வீதம். 2024இல் மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்ந்த அந்தப் பிரிவு 2.8 வீதமாகியிருக்கிறது. இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு, வெளியேறியவர்களும் உண்டு. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எங்கே, எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து ஆராயாவிட்டால், குறைந்த எண்ணிக்கையையே காட்டி, வீடமைப்புத் தேவையும் குறைந்துவிட்டது என்று வாதிட இடம் கொடுத்தவர்களாவோம்.

பிராந்தியக் கம்பனிகளுக்குத் தோட்டங்கள் கொடுக்கப்பட்டது 53 ஆண்டுக் குத்தகையில். 2045இல் அது முடிகிறது. அதற்கு முன்பே புதுப்பிப்பதைப் பற்றிய பேச்சுகள் தொடங்கும். அந்த மேசைக்கு வரும் கோப்புகளில் தேயிலை ஏக்கர் கணக்கு இருக்கும், தொழிற்சாலை இயந்திரங்களின் பட்டியல் இருக்கும், மரங்களின் பெறுமதிகூட இருக்கும். லயங்களில் வாழும் குடும்பங்களின் பட்டியல், எந்தத் தலைமுறையிலிருந்து எந்த மலையில் இருக்கிறார்கள் என்ற விபரத்தோடு, அந்தக் கோப்பில் இருக்க வேண்டுமானால், உடப்புசல்லாவையிலும் ஹல்கரனோயாவிலும் இராகலையிலும் அதை இந்த ஆண்டே எழுதத் தொடங்க வேண்டும்.